மதகைக் கேட்டுச் சொல்கிறேன்: அரியலூர், பெரம்பலூர் ஏரிகளில் மீன் பிடிக்கும் காலம்

போன மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் இரண்டு நண்பர்களும் தூண்டில், மண்புழு டப்பா, கட்டுச்சோறு எல்லாம் எடுத்துக்கொண்டு அரியலூர்ப் பக்கம் ஒரு ஏரிக்குப் போனோம். ஏரியின் பேர் வேண்டாம். கரையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது, காவலுக்கு இருந்த பெரியவர் ஒருவர் வந்துவிட்டார்.

"தம்பி, குத்தகை வுட்ட ஏரி இது. தூண்டில் போடக் கூடாது."

"தெரியாம வந்துட்டோங்க. எப்ப வந்தா போடலாம்?"

"தண்ணி முழங்காலுக்கு எறங்கட்டும். குத்தகைக்காரரு வலை இழுத்து முடிச்சதும் ஊரே எறங்கும். அப்ப நீங்களும் வாங்க, யாரு வேண்டாங்கறா?"

"அது எந்தத் தேதிங்க?"

அவர் சிரித்துவிட்டார். "தேதியா? மதகக் கேட்டுத்தான் சொல்லணும்."

எனக்குப் பொழைப்பு சாஃப்ட்வேர். எதையும் ஒரு எக்செல் அட்டவணையில் அடைக்காவிட்டால் தூக்கம் வராது. கிளம்புவதற்கு முன்பு பௌர்ணமி, அமாவாசை, சூரிய உதயம், மழை நிலவரம் என்று ஏழெட்டுப் பத்திகள் போட்டு ஒரு அட்டவணை செய்துவைத்திருந்தேன். அதில் மதகுக்கு ஒரு பத்தி இல்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பத்தியைச் சேர்க்க உட்கார்ந்தேன். அது என்னைச் சோழர் காலம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

இரண்டு மாவட்டம், இரண்டு தண்ணீர்

பெரம்பலூரும் அரியலூரும் ஒரு காலத்தில் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் 2001-ல் பிரிந்து, அடுத்த வருஷமே மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-ல் மீண்டும் பிரிந்தது. நிர்வாகக் கோடு இப்படி அழிந்து அழிந்து போடப்பட்டாலும், தண்ணீர் போட்ட கோடு ஒன்று அதற்கெல்லாம் முன்னாலிருந்தே இருக்கிறது.

பெரம்பலூர்ப் பக்கம் பெரும்பாலும் மானாவாரி ஏரிகள். பச்சைமலைச் சரிவிலும் சுற்றுக் காட்டிலும் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கி, மேல் ஏரி நிரம்பிக் கீழ் ஏரிக்குப் போக வேண்டும். இங்கே நல்ல மழை என்றால் அது ஐப்பசி, கார்த்திகை மழைதான். அதனால் ஏரி நிரம்புவது நவம்பர், டிசம்பரில். சில வருஷம் நிரம்பவே நிரம்பாது.

அரியலூர்ப் பக்கம், முக்கியமாகத் திருமானூர் வட்டாரத்தில், கதை வேறு. கரைவெட்டி ஏரி, சுக்கிரன் ஏரி மாதிரியானவற்றுக்குப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் வருகிறது. வழக்கமாக ஆகஸ்டில் வாய்க்காலைத் திறப்பார்கள். அதாவது உள்ளூரில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும், குடகில் பெய்த மழையில் அரியலூர் ஏரிக்குத் தண்ணீர் வந்துவிடும். நடுவில் மேட்டூர் மனசு வைக்க வேண்டும்.

மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12 என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். நடைமுறையில் திறந்த தேதிகளைப் பாருங்கள்: 2012-ல் செப்டம்பர் 17. 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. 2018-ல் ஜூலை 19. 2019-ல் ஆகஸ்ட் 13. 2020, 2021 இரண்டிலும் ஜூன் 12. 2022-ல் மே 24. 2023-ல் ஜூன் 12. 2024-ல் ஜூலை 28. மே 24-க்கும் அக்டோபர் 2-க்கும் நடுவில் நாலு மாசத்துக்கு மேல் இடைவெளி. இப்படி ஆடுகிற ஒரு தேதியை நம்பித்தான் ஒரு ஏரியின் நெல்லும் இருக்கிறது, மீனும் இருக்கிறது. பெரியவர் ஏன் சிரித்தார் என்று அப்போதுதான் உறைத்தது.

பாசிப்பாட்டம்

ஏரி மீன் யாருடையது? இந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக எழுத்தில் பதில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் வரிப் பெயர்களில் 'பாசிப்பாட்டம்' என்று ஒன்று உண்டு. ஏரி, குளங்களில் மீன் பிடிக்கும் உரிமைக்குக் கட்ட வேண்டிய தொகை என்று கல்வெட்டு அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். 'மீன்பாட்டம்' என்ற சொல்லும் உண்டு. அந்த வருமானத்தை அந்த ஏரியையே தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் ஒதுக்கிவைத்த ஏற்பாடுகளும் கல்வெட்டுகளில் இருக்கின்றன.

இதில் உள்ள கணக்கை ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். ஏரி தூர்ந்தால் தண்ணீர் குறையும். தண்ணீர் குறைந்தால் நெல்லும் குறையும், மீனும் குறையும். மீன் காசை மண் அள்ளப் போட்டால் அடுத்த வருஷம் தண்ணீரும் மீனும் கூடும். ஏரி தன் செலவுக்குத் தானே சம்பாதித்துக்கொள்கிறது. இதைக் கவனிக்கத் தனி ஆட்களும் இருந்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றனவே, குடவோலைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுபவை, அவற்றில் வரும் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம்.

நம் பக்கத்துக்கே வருவோம். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை படை அனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திரன் அங்கே தலைநகரத்தோடு ஒரு பெரிய ஏரியையும் வெட்டினான். சோழகங்கம் என்று பேர். நீரால் ஆன வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. இப்போது பொன்னேரி என்கிறோம். கரை 16 மைல் நீளம் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு சொல்லும் அந்த ஏரியின் பெரும் பகுதி பிற்காலத்தில் மண் மேடிட்டுப் போனது. ராஜாவின் வெற்றித் தூணாகவே இருந்தாலும் தூர்வாராவிட்டால் ஏரி நிற்காது.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இன்றைக்கும் நம் ஊராட்சிகளில் ஏரி மீனை ஏலம் விடும்போது அறிவிப்பில் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? 'மீன்பாசி குத்தகை.' பாசி என்ற வார்த்தை எதற்கு அங்கே இருக்கிறது என்று ஏலம் எடுப்பவரும் கேட்பதில்லை, விடுபவரும் கேட்பதில்லை. கல்வெட்டில் இருந்த சொல் அரசாங்க நோட்டீஸில் உட்கார்ந்திருக்கிறது. சொல் வந்து சேர்ந்துவிட்டது. மீன் காசு அதே ஏரிக்குத்தான் என்ற ஏற்பாடு மட்டும் வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது. குத்தகைப் பணம் இன்று பொதுக் கணக்கில் சேர்கிறது. தூர்வாருவது தனியாக ஒரு திட்டம் வரும்போது நடக்கிறது.

குத்தகை வருஷத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது ஜனவரியிலும் தொடங்காது, சித்திரையிலும் தொடங்காது. பசலி ஆண்டுப்படி ஓடும். முகலாயர் காலத்தில் அறுவடைக்குத் தக்கபடி நிலவரி வசூலிக்க உண்டான கணக்கு அது. தமிழ்நாட்டில் பசலி ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. 2024 ஜூலை 1-ல் தொடங்கியது 1434ஆம் பசலி. கிட்டத்தட்ட ஏரி காலியாக இருக்கும்போது தொடங்கி, நிரம்பி, பாசனம் முடிந்து, மறுபடி வற்றும்போது வருஷம் முடிகிறது. வரிக்காகப் போட்ட கணக்குதான், ஆனால் மீனுக்கும் கச்சிதமாகப் பொருந்தி வருகிறது. ஜூனுக்குள் குத்தகைக்காரர் மீனை எடுத்தாக வேண்டும். சித்திரை, வைகாசியில் ஏரிக்கரையில் மீன் வியாபாரிகளின் வண்டிகள் நிற்பதற்குப் பாதிக் காரணம் வெயில், மீதிக் காரணம் பசலி.

உல்லம் வராத கொள்ளிடம்

ஏரியில் மீன் இருக்கிறது, தண்ணீர் வருகிறது போகிறது. ஆற்றில் தலைகீழ்: தண்ணீர் வரும்போது மீனே வரும். அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை கொள்ளிடம். அதன்மேல் அணைக்கரையில் ஒரு அணை இருக்கிறது. ஆர்தர் காட்டன் திட்டமிட்டு 1836-ல் முடித்த கீழணை. வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் போவது இங்கிருந்துதான்.

உல்லம் என்று ஒரு மீன். வங்காளத்தில் இலிஷ் என்று கொண்டாடுகிறார்களே, அதேதான். கடலில் வளர்ந்து, ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது எதிரேறி வந்து முட்டையிடும். கொள்ளிடத்திலும் அது ஏறி வந்தது. கீழணை அதன் வழியில் குறுக்கே நின்றது. அணைகளால் ஆற்று மீன்கள் மேலேற முடியாமல் போகின்றன என்ற கவலை 1860களிலேயே எழுந்தது. அதைக் கிளப்பியவர்களில் அணை கட்டிய காட்டனும் ஒருவர் என்பது ஆச்சரியம். பிறகு மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே இந்தியா, பர்மா முழுக்க நன்னீர் மீன்வளத்தை விசாரித்து 1873-ல் ஒரு பெரிய அறிக்கை கொடுத்தார். நஞ்சு கலந்தும் வெடி போட்டும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல் வந்தது.

1907-ல் ஃபிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் மதராஸ் மாகாண மீன்வளத் துறை உருவானது. அந்தக் காலத்தையொட்டி, எச். சி. வில்சன் என்பவர் இதே கீழணையில் உல்லத்தின் முட்டையை எடுத்துச் செயற்கையாகக் கருவூட்டிப் பார்த்தார். இந்தியாவில் உல்லத்தை வைத்து நடந்த அப்படிப்பட்ட முதல் முயற்சிகளில் அது ஒன்று. நாம் பஸ்ஸில் கும்பகோணம் போகும்போது தாண்டிப்போகும் பாலம்தான் அந்த இடம்.

1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதற்கு அப்புறம் காவிரியில் உல்லம் பிடிக்கும் தொழில் சரிந்து இல்லாமலே போனது. கீழணை வழியைத்தான் மறித்தது. மேட்டூரோ வெள்ளத்தையே பிடித்து வைத்துக்கொண்டது. உல்லத்துக்கு அழைப்பு என்பது கடலில் வந்து கலக்கும் அந்தப் புதுவெள்ளம்தான். அழைப்பு வரவில்லை, மீனும் வரவில்லை.

மேட்டூரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த அணை இல்லாவிட்டால் டெல்டாவில் பல வருஷம் சோறு இருந்திருக்காது. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளலாம்: தண்ணீருக்குத் தேதி வைக்கும்போது மீனையும் சேர்த்துத்தான் தேதி வைக்கிறோம். அந்தத் தேதி ஒத்துப்போன மீன் தங்கியது. ஒத்துப்போகாத மீன் அட்டவணையை விட்டே போய்விட்டது.

ஊசி போட்டு வந்த கெண்டை

இன்று நம் ஏரிகளில் வலை இழுத்தால் நிறைய விழுவது கட்லா, ரோகு, மிர்கால். இவை காவிரிப் பிரதேசத்து மீன்கள் இல்லை, வடக்கே இருந்து கொண்டுவரப்பட்டவை. தேங்கிய தண்ணீரில் தானாக முட்டையிடவும் செய்யாது. ஓடும் ஆற்று வெள்ளம் வேண்டும். முன்பெல்லாம் மழைக்காலத்தில் ஆற்றில் குஞ்சு பிடித்துத்தான் குளங்களுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10-ல் ஒரிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1952-ல், திலாப்பியா இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. நாம் ஜிலேபி என்போமே, அதுதான்.

ஆக, ஏரி நிரம்பியதும் குஞ்சு விட்டு, அஞ்சாறு மாசம் வளர்த்து, கோடையில் பிடிப்பது இன்றைய முறை. நடுவில் நம்மைப் போல வெளியூர்க்காரன் தூண்டிலோடு வந்து நின்றால், குத்தகைக்காரர் பார்வையில் நாம் விளைந்துகொண்டிருக்கும் வயலில் கதிர் கிள்ளுகிறவர்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்தப் பெரியவர் மேல் எனக்கு இருந்த சின்னக் கோபமும் போய்விட்டது.

விரால், கெளுத்தி, குரவை எல்லாம் இதற்கு வெளியே. யாரும் குஞ்சு விட வேண்டாம், அதுவாக ஏரியில் பெருகும். விரால் காற்றையும் சுவாசிக்கும். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் போய்க் காத்திருக்கும். பணம் கொடுத்து விட்ட மீன் குத்தகைக்காரருக்கு, தானாக வந்த மீன் ஊருக்கு என்றொரு எண்ணம் கிராமத்து ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. சட்டம் அப்படிப் பிரிப்பதில்லை. ஆனால் கடைசி நாளில் ஊரே இறங்கிப் பிடிக்கும் வழக்கம் அந்த எண்ணத்தில்தான் உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கம் இதை மீன்பிடித் திருவிழா என்றே நடத்துகிறார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, அரிகூடை, வலை என்று கையில் கிடைத்ததோடு எல்லோரும் இறங்குவார்கள். அதுவரைக்கும் ஒருத்தர்கூடக் காலை நனைப்பதில்லை. பாசனம் முடிந்த பிறகுதான் மீன், அதுவும் எல்லோரும் ஒன்றாக. ஏரி வாரியம் போய்விட்டாலும் அதன் ஒழுங்கில் ஒரு துண்டு அந்தத் துண்டு வீச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, எப்போதுதான் போவது?

இவ்வளவு படித்தவர்களை வெறும் கையோடு அனுப்பக் கூடாது. திருத்திய அட்டவணையின் சுருக்கம் இது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: பெரம்பலூர் ஏரிகள் பெரும்பாலும் காய்ந்திருக்கும். அரியலூர் வாய்க்கால் ஏரிகளுக்கு அப்போதுதான் தண்ணீர் வரும். மேட்டூர் திறந்த தேதியைப் பாருங்கள். புள்ளம்பாடி வாய்க்கால் திறந்த செய்தியையும் பாருங்கள். கொள்ளிடத்தில் உபரி நீர் விடும் நாட்களில் ஆற்றுக்குள் இறங்கவே இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. அணைக்கரைப் பக்கம் முதலைகள் இருக்கின்றன, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: மழைக்காலம். ஏரி கலிங்கு போகும்போது கீழிருந்து மீன் எதிரேறும். பிடிப்பது சுலபம், அதனாலேயே யோசிக்க வேண்டும். சினை மீனைப் பிடித்தால் அடுத்த வருஷத்தைப் பிடித்த மாதிரி. தண்ணீர்மேல் செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்தால் கீழே விரால் காவல் இருக்கிறது என்று அர்த்தம். அதை விட்டுவிடுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை: குத்தகை மீன் வளரும் காலம். கேட்காமல் போகாதீர்கள், என் கதிதான். கரைவெட்டியில் வருஷம் முழுக்கவும் தூண்டில் வேண்டாம். அது பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இந்த மாசங்களில் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு பைனாகுலரோடு போனால், இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்தைப் பார்க்கலாம். மீன் பிடிப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரப் பறவைகளையும் பார்க்கலாம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: நமக்கான காலம். ஏரி சிறிதா பெரிதா என்று முதலில் விசாரியுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு உட்பட்ட ஏரி என்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. குத்தகை யாரிடம் என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். போன் போட்டு, "அண்ணே, வலை இழுத்து முடிச்சாச்சா, ரெண்டு பேரு தூண்டில் போடலாமா?" என்று கேளுங்கள். கேட்டுப் போனவனை நம் ஊரில் யாரும் விரட்டியதில்லை.

நிலா, மேகம், காற்று பத்திகளையும் நான் அழிக்கவில்லை. அதிகாலையும் சாயங்காலமும் நல்ல நேரம் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் அட்டவணையில் அவை இப்போது வலது பக்கம் தள்ளிப்போய்விட்டன. முதல் பத்தி மதகு. இரண்டாவது பத்தி குத்தகை.

வைகாசி கடைசியில் அதே ஏரிக்கு மறுபடி போனேன். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. சின்னப் பசங்கள் எல்லாம் சேற்றில் நின்றார்கள். தூண்டிலுக்கு அங்கே வேலையே இல்லை. பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஒரு பழைய ஊத்தாவைக் கையில் கொடுத்தார். ஒரு மணி நேரம் குத்தி இரண்டு குரவையும் நாலு ஜிலேபியும் கிடைத்தன. பக்கத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தனியாக ஒரு விரால் பிடித்துவிட்டாள். ஒரு கிலோ இருக்கும். அதை வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"விக்கறதுக்கு இல்லண்ணே, எங்க ஏரி மீனு" என்றாள்.